பாரை, வங்கடை, கட்டா: நம் கடற்கரையில் இறங்கும் பாரைக் குடும்ப மீன்களை இனம் காண முழுமையான வழிகாட்டி

ஏலத்துக்கு வரும் 'பாரை' பெட்டி ஒன்றில் ஐஸை ஒதுக்கிவிட்டு உள்ளே பாருங்கள். பெரும்பாலும் ஒரே இனம் இருக்காது. ஒரு சாண் நீளத்தில் இரண்டு மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் வெள்ளி நிறம், இரண்டுக்கும் கவைவால். அதில் ஒன்று முழுதாக வளர்ந்து முட்டையிட்டு முடித்த சூப்பாரை. இன்னொன்று ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பெரும்பாரை இனத்தின் குஞ்சு. எடை போடுபவருக்கு இரண்டும் ஒன்று, பதிவேட்டிலும் இரண்டும் 'பாரை'. அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கடலில் எந்த மீன் குறைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இனம் பிரித்து எழுதுவது அதனால்தான் அவசியம் என்கிறேன். மீன் வாங்குகிறவருக்கும் இதில் லாபம் உண்டு. வங்கடையின் சதையும் மஞ்சள் பாரையின் சதையும் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல.

தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். கடலிலிருந்து ஏறும்போது இருக்கும் மஞ்சளும் நீலமும் பட்டைகளும் ஐஸில் சில மணி நேரம் கிடந்தாலே மங்கிவிடும். பெரும்பாரையில் வளர்ந்த ஆண் கருத்துப்போகும், பெண் வெள்ளியாகவே இருக்கும். அவற்றை இரண்டு இனம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முள், செதில், பல், நாக்கு இவை ஐஸில் மாறுவதில்லை.

ஊர்ப்பெயர்கள் அருமையானவை, ஆனால் ஒரு கடற்கரைப் பெயர் அடுத்த கடற்கரையில் வேறு மீனுக்குப் போய்விடும். குளச்சலில் சொல்லும் பெயர் காசிமேட்டில் செல்லுபடியாகும் என்று எண்ண வேண்டாம். அதனால் இங்கே ஊர்ப்பெயரோடு அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

தேவைப்படும் பொருட்கள் அதிகமில்லை: ஒரு அளவுகோல், ஈரத்துணி, சின்ன கைவிளக்கு, பூதக்கண்ணாடி, செவுள்மூடியைத் தூக்கிப் பார்க்க ஒரு மழுங்கிய குச்சி.

படி 1: இது பாரைக் குடும்பம்தானா?

மீனை மல்லாத்தி, ஆசனவாயை அடுத்த இடத்தைப் பாருங்கள். அடித்துடுப்பு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு குட்டி முட்கள், துடுப்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும். பாரைக் குடும்பத்தின் முத்திரை இதுதான். படுத்திருந்தால் நகத்தால் நெம்பிவிட்டால் எழும். இதோடு முதுகில் இரண்டு துடுப்பு, ஆழமாகப் பிளந்த வால், வால் தொடங்கும் இடத்தில் ஒடுங்கிய உடல் ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. வளர்ந்த கருப்பு வவ்வாலிலும் பெரிய கண்ணாடிப்பாரையிலும் அந்த இரண்டு முட்களும் தோலுக்குள் புதைந்து காணாமல் போய்விடும். அவற்றைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

அதிகம் குழம்புவது அயிலையோடு, அதாவது கிழக்குக் கரையில் கானாங்கெளுத்தி என்கிறார்களே அதோடு. வங்கடையும் சிறு பாரைகளும் தூரத்தில் பார்த்தால் அதே வாகு. அயிலைக்கு அந்த இரண்டு தனிமுள் கிடையாது. முதுகிலும் அடியிலும் பெரிய துடுப்புக்குப் பின்னால் தனித்தனியாக நிற்கும் ஐந்தைந்து குட்டித்துடுப்பு, அதாவது சிறுதுடுப்பு இருக்கும், வாலோரம் வழுவழுப்பாக இருக்கும். காரலோடு சிறு பாரைகளைக் கலந்துவிடுவதும் உண்டு. காரலின் வாய் குழாய் போல வெளியே நீளும், உடம்பெல்லாம் கோழை வழியும், முதுகுத்துடுப்பு ஒரே தொடராக ஓடும்.

படி 2: வாலோரத்தைத் தடவிப் பாருங்கள்

உடலின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். பாரைகளில் அது முதலில் வளைந்து, பிறகு நேராகும். அந்த நேர்ப்பகுதியில் பெரும்பாலான இனங்களுக்கு எலும்பு போல் கெட்டியான முட்செதில்கள் வரிசையாக இருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை மெதுவாக இழுத்தால் அரத்தில் தேய்த்தது போல் உரசும். வேகமாக இழுத்தால் விரல் கிழியும், கவனம்.

உரசினால் அடுத்த படிக்குப் போங்கள். உரசவில்லை, ஆனால் தனிமுள் இருக்கிறது (கீழே வரும் எலகாட்டிஸுக்கும் செரியோலினாவுக்கும் ஒன்றுதான்) என்றால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கீழே வரும் நான்கு வகையில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது கட்டா, சில ஊர்களில் தோல்பாரை. அறிவியல் பெயர் ஸ்காம்பராய்ட்ஸ். நீண்ட தட்டையான உடல், தோலில் புதைந்த ஊசி ஊசியான செதில், முதல் முதுகுத்துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தனித்தனிக் குறுமுட்கள். இந்த முட்களும் அடியிலுள்ள இரண்டு தனிமுட்களும் விஷமுள்ளவை. குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், வலையிலிருந்து கழற்றும்போது இதை மறக்கக் கூடாது. கட்டாவிலேயே நாலு இனம் உண்டு. பக்கவாட்டுப் புள்ளிகளை வைத்துப் பிரிக்கலாம். பெரிய கட்டாவான கமர்சோனியானஸுக்கு ஈயநிறத்தில் பெரிய திட்டுகள் ஒரே வரிசையாகப் பக்கக்கோட்டுக்கு மேலேயே இருக்கும், வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டி வெகுதூரம் போகும். லைசான் இனத்துக்குக் கோட்டுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. டாலா இனத்துக்குத் திட்டுகள் நெடுக்காக நீண்டு கோட்டை வெட்டிக்கொண்டு நிற்கும். டோல் சிறியது, ஒல்லியானது. அதன் முதல் நாலைந்து புள்ளிகள் கோட்டைத் தொடும், வாய் கண்ணின் மணியோடு நின்றுவிடும். புள்ளிகள் மங்கிப்போனால் வாயின் நீளம் கைகொடுக்கும். கட்டாக் குஞ்சுகள் மற்ற மீன்களின் செதிலை உரித்துத் தின்னும் பழக்கமுள்ளவை.

இரண்டாவது டிராக்கினோட்டஸ், இப்போது எல்லோர் வாயிலும் பொம்பானோ. மொண்ணை மூக்கு, வட்ட உடல், முதுகில் ஆறு குறுமுள். இதில் புளோக்கி என்ற இனத்தை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 2011இல் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். அதிலிருந்து கூண்டு வளர்ப்பிலும் உவர்நீர்க் குளங்களிலும் பரவியது. பக்கக்கோட்டில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் அது பைலோனி.

மூன்றாவது எலகாட்டிஸ். சுருட்டு வடிவம், கூர்மூக்கு, பக்கத்தில் இரண்டு நீலக்கோடு. முதுகிலும் அடியிலும் பின்னால் ஒவ்வொரு சிறுதுடுப்பு உண்டு. ஆழ்கடல் தூண்டிலில் சூரையோடு சேர்ந்து வரும். நான்காவது செரியோலினா. குஞ்சில் சாய்வான கரும்பட்டைகள், வளர வளர மங்கும். சிறுதுடுப்பு கிடையாது. இதைக் கடல்விரால் என்று நினைத்துவிடுவதுண்டு. கடல்விராலுக்குத் தலை தட்டை, அடித்துடுப்புக்கு முன்னால் தனிமுள் கிடையாது.

படி 3: சிறுதுடுப்பை எண்ணுங்கள்

முட்செதில் உரசுகிறது என்றால் இப்போது இரண்டாவது முதுகுத்துடுப்பின் கடைசியைப் பாருங்கள்.

ஏழிலிருந்து பத்து சிறுதுடுப்புகள் வரிசையாக இருந்தால் வங்கடை, மெகலாஸ்பிஸ் கார்டிலா. இந்த மீனை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர் மறக்க மாட்டார். வாலடி மேலும் கீழுமாக நசுங்கித் தட்டையாக இருக்கும், அதன் இருபுறமும் முட்செதில்கள் அகன்று தடித்து ஒரு முகடாக எழுந்து நிற்கும். நெஞ்சுத்துடுப்பு அரிவாளாக வளைந்து உடலின் பாதி தாண்டி நீளும். சதை சிவப்பு, ரத்தம் அதிகம். இந்த வகையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கும். வெயிலில் போட்டுவைத்தால் அது ஹிஸ்டமினாக மாறி, தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். சமைத்தாலும் அது போகாது. படகிலேயே ஐஸ் போட்ட வங்கடையைத்தான் வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

முதுகில் ஒன்று, அடியில் ஒன்று என்று சிறுதுடுப்பு இருந்து, உடல் உருண்டு சுருட்டு வடிவில் இருந்தால் டெகாப்டெரஸ். இழுவைமடியில் குவியல் குவியலாக வருவது இதில் ரஸ்ஸெல்லி. பக்கக்கோட்டின் நேர்ப்பகுதி முழுவதும் அதற்கு முட்செதில் இருக்கும். மேக்ரோசோமா இன்னும் ஒல்லி. அதற்கு நேர்ப்பகுதியின் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சாதாரணச் செதில்தான், முட்செதில் அதற்குப் பின்னால்தான் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். வால் சிவந்திருந்தால் ஆழத்து இனம், அதைத் தனியாக எடுத்துவையுங்கள்.

தனிச் சிறுதுடுப்பு என்று சொல்ல முடியாமல், துடுப்பின் கடைசிக் கதிர் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, மெல்லிய சவ்வால் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அட்டூலே மாட்டே. பக்கத்தில் ஒன்பது பத்து மங்கலான பட்டை, செவுள்மூடியின் மேல்முனையில் ஒரு கரும்புள்ளி. புதிதாக இருந்தால் வால் மஞ்சளாக இருக்கும்.

படி 4: சிறிய பாரைகளில் கண்ணையும் தோளையும் பாருங்கள்

ஒரு சாணுக்குக் கீழே உள்ள மீன்களில்தான் குழப்பம் அதிகம், கவனமும் அங்கேதான் அதிகம் வேண்டும்.

கண் பெரிதாக இருந்து, அதன்மேல் கண்ணாடி போன்ற கொழுப்பு இமை மூடி, நடுவில் நெடுக்காக ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கிறதா? அப்படியானால் செலார் ஆக இருக்கலாம், அட்டூலேயாகவும் இருக்கலாம். இப்போது குச்சியால் செவுள்மூடியைத் தூக்கி, உள்ளே தோள் எலும்பின் ஓரத்தைக் கைவிளக்கில் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் ஆழமான ஒரு பள்ளமும், அதன் மேல் ஒரு சதைமொட்டும் இருந்தால் அது செலார். அட்டூலேயில் அந்த ஆழமான பள்ளம் இருக்காது. இந்த ஒரு அடையாளம் போதும், வேறு எதையும் எண்ண வேண்டாம். பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். செலாரில் நம் கரையில் பரவலாக வருவது க்ரூமெனாஃப்தால்மஸ்.

தலையிலிருந்து வால்வரை அகலமான மஞ்சள் பட்டை, செவுள்மூடியில் பெரிய கரும்புள்ளி, உடல் மெலிவு என்றால் சூப்பாரை, செலராய்ட்ஸ் லெப்டோலெப்பிஸ். மண்டபம், பாம்பன் பக்கம் இது பழகிய பெயர். மஞ்சள் மங்கிவிட்டாலும் கவலை வேண்டாம். வாயைத் திறந்து மேல்தாடையில் விரல்நுனியை ஓட்டுங்கள், பல்லே இருக்காது. இந்த அளவில் மற்றச் சிறு பாரைகளுக்குப் பெரும்பாலும் மேல்தாடையில் பல் இருக்கும். கருவாட்டுக்கும் இது நிறையப் போகும்.

மேல்தாடையில் பல் இருக்கிறது, தோளில் பள்ளம் இல்லை, சிறுதுடுப்பும் இல்லை என்றால் அலெப்பெஸ். முதல் முதுகுத்துடுப்பு கன்னங்கரேலென்று இருந்தால் மெலனாப்டெரா. வயிற்றுப்பக்கம் முதுகைவிட அதிகமாகப் புடைத்து, பக்கக்கோட்டின் வளைவு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் க்ளைனி. உடல் நீள்வட்டமாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைந்திருந்தால் பெரும்பாலும் ஜெடாபா.

இதில் எதிலும் அடங்காத சிறுமீன் என்றால், பெரிய பாரையின் குஞ்சோ என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாரையும் பெருங்கண் பாரையும் குஞ்சாக இருக்கும்போது கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் ஏறிவந்து வளரும். கரைவலையில் இவை சிறு பாரையோடு கலந்து வரும். ஹவாயில் நடந்த ஆய்வில் பெரும்பாரை இனம் முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 60 செ.மீ. நீளமும் மூன்றரை ஆண்டும் ஆனது. ஒரு சாண் குஞ்சுக்கும் அந்த நீளத்துக்கும் இடையே எத்தனை தூரம் என்று பாருங்கள்.

படி 5: பெரிய பாரைகளில் நெஞ்சைப் பாருங்கள்

பெரும்பாரை சேர்ந்த பேரினம் கேரன்க்ஸ். அதன் இனங்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் நெஞ்சைத் துடைத்து, கோழையை எடுத்துவிட்டு, மீனை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். வயிற்றுத்துடுப்புக்கு முன்னால் செதில் இருக்கிறதா, வெறும் தோலா என்று பாருங்கள். செதில் இருந்தால் வெளிச்சத்தில் சிறு சிறு கட்டங்களாக மின்னும். இல்லையென்றால் தோல் மழுங்கலாக, ஒரே பரப்பாக இருக்கும்.

நெஞ்சு வெறுந்தோல், ஆனால் வயிற்றுத்துடுப்புக்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு சின்னத் திட்டாகச் செதில் இருக்கிறது, நெற்றி செங்குத்தாக எழுந்து நிற்கிறது என்றால் பெரும்பாரை, கேரன்க்ஸ் இக்னோபிலிஸ். கேரன்க்ஸ் பேரினத்திலேயே பெரியது, 170 செ.மீ. வரை வளரும்.

நெஞ்சு முழுவதும் செதில், கண் பெரிது, செவுள்மூடியின் மேல்முனையில் கண்மணியைவிடச் சிறிய கரும்புள்ளி, இரண்டாம் முதுகுத்துடுப்பின் நுனி வெள்ளை என்றால் செக்ஸ்ஃபாசியாட்டஸ். நான் பெருங்கண் பாரை என்று எழுதுவது இதைத்தான். நெஞ்சில் செதில் இருந்து, உடலில் நீலப்புள்ளிகளும் நீலத் துடுப்புகளும் இருந்தால் மெலாம்பைகஸ். பவளப்பாறைப் பக்கமே அதிகம். நெஞ்சு வெறுந்தோலாகவும் வாலின் மேல்கவை நுனி மட்டும் கருப்பாகவும் இருந்தால் ஹெபெரி.

அடுத்து கேரங்காய்ட்ஸ் என்று பழைய புத்தகங்கள் சொல்லும் கூட்டம். அண்மை ஆண்டுகளில் அதைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். புதிய பட்டியலில் பழைய பெயர் கிடைக்கவில்லை என்றால் இனப்பெயரை வைத்துத் தேடுங்கள். நம் இழுவைமடியில் அதிகம் வருவது மலபாரிகஸ். பெயர் அப்படியிருந்தாலும் 1801இல் மீன் ஆய்வாளர்களான பிளாக்கும் ஷ்னைடரும் விவரித்த மீன் நம் தரங்கம்பாடிக் கடலில் கிடைத்தது. அதன் நெஞ்சில் வெறுந்தோல் வயிற்றுத்துடுப்பைத் தாண்டிப் பின்னுக்கும், பக்கவாட்டில் நெஞ்சுத்துடுப்பின் அடிவரைக்கும் பரவியிருக்கும். நாக்கு பழுப்பு. ஆர்மேட்டஸ் ஆண் மீனில் முதுகுத்துடுப்பின் நடுக்கதிர்கள் இழையாக நீண்டு தொங்கும். பக்கமெங்கும் பொன்னிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் ஃபுல்வோகுட்டேட்டம். இந்தக் கூட்டத்தில் மற்றவற்றைப் பிரிக்கச் செவுள்முட்களை, அதாவது செவுள் வளைவின் உள்பக்கம் சீப்புப்பல் போல் நிற்பவற்றை, எண்ண வேண்டிவரும். ஏலத்தின் அவசரத்தில் அது நடக்காது, ஒரு மீனை வாங்கிக்கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள்.

படி 6: வாயைத் திறங்கள்

தடித்த உதடு, வாய் முன்னால் நீள்கிறது, பெரிய மீன், ஆனால் இரண்டு தாடையிலும் பல்லே இல்லை என்றால் மஞ்சள் பாரை, நத்தனோடான் ஸ்பெசியோசஸ். குஞ்சு தங்கநிறத்தில் கரும்பட்டைகளோடு பெரிய சுறாக்களுக்கு முன்னால் நீந்திப் போகும். வளர்ந்தால் பட்டை மங்கி, சில கரும்புள்ளிகள் மட்டும் எஞ்சும். பட்டையைத் தேடிக்கொண்டிருந்தால் பெரிய மஞ்சள் பாரையைத் தவறவிடுவீர்கள், பல்லைத் தேடுங்கள்.

நாக்கும் வாயின் மேல்கீழும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் கருநீலம் என்றால் யுராஸ்பிஸ். செவுள்முட்கள் இறகு போல் நீண்டு நாக்கின் இருபக்கமும் வாய்க்குள் தெரிந்தால் உலுவா. வாயை மூடிவிட்டு வயிற்றைப் பாருங்கள்: நடுவில் ஆழமான பிளவு, அதற்குள் மடங்கிக் கிடக்கும் கருப்பு வயிற்றுத்துடுப்பு என்றால் அட்ரோபஸ்.

தனியாகப் பார்க்க வேண்டிய இரண்டு

கருப்பு வவ்வாலை வவ்வால் கூட்டத்தில் சேர்ப்பதுதான் சந்தை வழக்கம். உண்மையில் அது பாரைக் குடும்பம், பாராஸ்ட்ரோமேட்டஸ் நைஜர். வெள்ளை வவ்வால் வேறு குடும்பம். வளர்ந்த கருப்பு வவ்வாலுக்கு வயிற்றுத்துடுப்பு இல்லாததால் உருவம் அப்படி ஒத்துப்போகிறது. வாலடியின் பக்கத்தில் விரலை வையுங்கள், சின்னதாக முட்செதில் உரசும். வெள்ளை வவ்வாலுக்கு அது கிடையாது, அதன் செவுள் திறப்பும் குறுகிய கீற்றாகத்தான் இருக்கும். கருப்பு வவ்வாலின் செவுள் மற்ற மீன்களைப் போல அகலமாகத் திறக்கும். நிறம் வெளுத்துப்போன மீனைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இந்த இரண்டும் போதும்.

கண்ணாடிப்பாரை என்பது அலெக்டிஸ். உடல் மெலிந்து தட்டையாக, செதிலே இல்லாதது போல் பளபளக்கும். குஞ்சுகளின் துடுப்புக் கதிர்கள் உடலைவிட நீளமான நூலாகத் தொங்கும், வளர்ந்தால் அறுந்து குறையும். நெற்றி வளைவு வட்டமாக வந்தால் சிலியாரிஸ். கண்ணுக்கு முன்னால் சற்று உள்வாங்கி முகம் கோணலாக நீண்டிருந்தால் இண்டிகா.

பதிவு செய்வது

நீளத்தை மூக்குநுனியிலிருந்து வாலின் கவைவரை அளங்கள். வால்நுனி வலையில் ஒடிந்திருக்கும், அதுவரை அளந்தால் கணக்கு தப்பும். படம் எடுக்கும்போது மீனின் இடப்பக்கம் தெரியட்டும், துடுப்புகளை விரித்து ஊசி குத்தி நிறுத்துங்கள், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். இரண்டாவது படம் நெஞ்சுக்கு, மூன்றாவது வாலோர முட்செதிலுக்கு. பெரும்பாலோர் ஒரே ஒரு பக்கவாட்டுப் படத்தை அனுப்பி இனம் கேட்கிறார்கள். நெஞ்சு தெரியாத படத்தில் கேரன்க்ஸைப் பிரிப்பது ஆய்வாளருக்கே கஷ்டம்.

தேதி, இறங்குதளம், வலை வகை, எத்தனை பாக (ஒரு பாகம் ஆறடி) ஆழம் என்பதோடு, மீனைப் பிடித்தவர் அந்த மீனுக்குச் சொன்ன பெயரையும் அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தடை முடிந்து முதல் சில நாட்களில் குவியல் குவியலாக இறங்கும், குஞ்சுகளும் கலந்து வரும். பழக வேண்டுமென்றால் அந்த நாட்களில் போங்கள். சிறு பாரைப் பெட்டி ஒன்றிலிருந்து கைக்கு வந்த மீன்களை எடுத்து, முதலில் தனிமுள், அடுத்து முட்செதில், பிறகு சிறுதுடுப்பு என்ற வரிசையில் பிரித்து அடுக்குங்கள். எந்தக் குவியலிலும் சேராதவற்றை ஐஸில் தனியாக வைத்து, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், தூத்துக்குடி, சென்னை நிலையங்களில் உங்களுக்கு அருகிலுள்ளதில் காட்டலாம்.